பழம்பெருமையும் பழைய படகும்

சென்ற ஆண்டு ஈப்போவில் நடந்த மாணவர் பேச்சுப் போட்டி ஒன்றில் நடுவர்களுள் ஒருவனாக அமர்ந்திருந்தேன். தலைப்பு, தமிழர் பெருமை. பதினான்கு மாணவர் பேசினர்; அவர்களுள் பதினொருவர் கடாரத்தை வென்றனர். 1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழனின் படை வங்கக்கடலைத் தாண்டி வந்த செய்தியை, நேற்று நடந்ததைக் கண்டுவந்தவர் போல முழங்கினர். மதிப்பெண்களைக் கூட்டி முடிக்கும்வரை பேசிக்கொண்டிருக்குமாறு ஏற்பாட்டாளர் என்னைக் கேட்டார். நான் பேசவில்லை, ஒரு கேள்வி கேட்டேன். "உங்களில் நீந்தத் தெரிந்தவர் எத்தனை பேர்?" இரண்டு கைகள் எழுந்தன. அவற்றுள் ஒன்று பாதியிலேயே இறங்கிவிட்டது.

அந்தப் பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. உரையை எழுதிக் கொடுத்தவர்கள் ஆசிரியர்கள். நானும் அவர்களுள் ஒருவன். முப்பது ஆண்டுகளாகக் கடாரம் கொண்டவனையும் கப்பலோட்டிய தமிழனையும் பிள்ளைகள் வாயில் ஏற்றி அனுப்பியவன். ஆகவே பின்வரும் கடுஞ்சொற்களில் பாதி என்னைச் சேரும். மறுபாதி யாரைச் சேரும் என்பதைப் படிப்பவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

சினத்துக்குக் காரணம் இது. என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் இன்று லுமுட்டில் படகுப் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறான். தோட்டத்தில் பிறந்தவன், அவன் பிறந்த லயன் இருந்த இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. பற்றுவைப்பு, இயந்திரம், கண்ணாடியிழைப் பூச்சு எல்லாம் அறிந்தவன். நண்பர் இருவருடன் சேர்ந்து 32 அடி நீளமுள்ள பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்க விரும்புகிறான். அதன் உரிமையாளர் முதுமையடைந்த வெள்ளைக்காரர். மேற்கொண்டு கடலோட உடல் இடங்கொடாமையால் விற்க முன்வந்திருக்கிறார். படகைச் செப்பனிட்டு, வாடைப் பருவத்தில் வங்கக்கடலைக் குறுக்கே கடந்து திருகோணமலைக்கும் நாகப்பட்டினத்துக்கும் போய்வர வேண்டும்; பிறகு உலகு சுற்ற வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். கையில் இருக்கும் பணம் சற்றுக் குறைகிறது. எங்கள் வட்டாரத்து முன்னாள் மாணவர் மன்றம் ஒன்றின் சேமநிதியிலிருந்து கடனாகக் கேட்டார்கள். நன்கொடை கேட்கவில்லை. கணக்கை நான்கு தாள்களில் எழுதி, திருப்பிச் செலுத்தும் திங்கள்களையும் குறித்துக் கொண்டுவந்தார்கள்.

கூட்டம் அவர்களைக் கேட்டுச் சிரித்தது. "தோட்டத்துப் பிள்ளைக்குப் பாய்மரப் படகு எதற்கு?" என்றார் என் நெடுநாள் நண்பர், அவரும் ஒரு தலைமையாசிரியர். விண்ணப்பம் தள்ளப்பட்டது. அதே கூட்டத்தில், அதே நிதியிலிருந்து, ஒரு நுழைவாயில் வளைவு கட்டத் தீர்மானம் நிறைவேறியது. வளைவின்மேல் என்ன ஓவியம் தீட்டுவது? சோழர் கப்பல்! முன்மொழிந்தவரும் அதே நண்பர்தாம்.

படத்தில் கப்பல் இருந்தால் பண்பாடு; தண்ணீரில் இருந்தால் பைத்தியம். இதுதானே நம் நிலை?

நண்பரும் அவரைச் சார்ந்தோரும் கூறிய மறுப்புகளை நான் மனத்துக்குள் அடுக்கிப் பார்த்தேன். முதலாவது, இது பணக்காரர் விளையாட்டு என்பது. இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 1990 முதல் ஆண்டுதோறும் கிள்ளான் துறைமுகத்திலிருந்து பங்கோர், பினாங்கு வழியாக லங்காவி வரை நடைபெறும் சிலாங்கூர் ராஜா மூடா பாய்ப்படகுப் போட்டியைச் செய்தித்தாளில் பார்க்கிறோம். வெண்ணிறப் பாய்களையும் விலையுயர்ந்த கறுப்புக் கண்ணாடிகளையும் பார்க்கிறோம். அது பந்தயக்காரர் உலகம். அதே பங்கோர் நீரிணையின் இக்கரையில், படகுத் துறைகளிலும் பட்டறைத் தரைகளிலும் முட்டுக்கொடுத்து நிற்கும் பழைய படகுகளை நாம் பார்ப்பதில்லை. 1970களிலும் 1980களிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கண்ணாடியிழையால் வார்க்கப்பட்டவை அவற்றுட் பல. உலகைச் சுற்றப் புறப்பட்டவர்கள் இங்கு வந்து சேர்ந்து, முதுமையாலோ நோயாலோ, செங்கடல் வழியின் அச்சத்தாலோ பயணத்தை நிறுத்திக்கொள்கின்றனர். ஏடன் வளைகுடாவில் கடற்கொள்ளை மிகுந்த 2008க்குப் பிந்தைய ஆண்டுகளில் அவ்வாறு தங்கியவர் உண்டு. விற்றுவிட்டு ஊர் திரும்ப நினைப்பவர்க்குப் படகு ஒரு சுமை. ஆகவே விலை இறங்குகிறது. புதிய மைவி காரின் விலைக்கும் சிவிக் காரின் விலைக்கும் இடைப்பட்ட தொகையில் கடல் தாண்டவல்ல படகுகள் கைமாறுகின்றன.

ஒன்பது ஆண்டுத் தவணையில் காரை வாங்கி, கடைசித் தவணை கட்டுமுன் அது துருப்பிடிக்கக் காணும் நம்மவர்களை யாரும் பைத்தியம் என்பதில்லை. மூன்று இளைஞர் சேர்ந்து ஒரு காரின் விலையில் ஒரு கப்பலைக் கேட்டால் மட்டும் சிரிப்பு வருகிறது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் என் மாணவன் இன்னொருவன் இப்படி ஒரு படகை வாங்கினான். தோட்டம் மூடப்பட்டபோது தந்தைக்குக் கிடைத்த இழப்பீட்டுப் பணம் அது. 41 அடிப் படகு. புதுச் சாயம் பளபளத்தது. தளம் முழுவதும் தேக்குப் பலகை பதித்திருந்தது. உள்ளே மெத்தையும் மின்விசிறியும். மூன்றாம் மாதம் தளம் காலடியில் அமுங்கியது. பாய்மரத்தைத் தாங்கும் தகடு ஒன்று கையோடு பெயர்ந்து வந்தது. இயந்திரம் கழற்றப்பட்டது, மீண்டும் பூட்டப்படவே இல்லை. பட்டறை வாடகை ஏறி, இறுதியில் படகை அறுத்துக் குப்பையில் கொட்டினார்கள். அந்தத் தந்தை என்னிடம் வந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. "படிச்சவங்க நீங்க, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, சார்" என்றார் தாயார். வாங்குமுன் அவன் என்னிடம் வந்து கருத்துக் கேட்டிருந்தான். துணிந்தவனுக்கு வெற்றி உண்டு என்று மேடைப் பேச்சொன்றை அவன்மீது வீசி அனுப்பியவன் நான்.

"அதைப் பார்த்த பிறகுமா?" என்று நண்பர் கேட்டார். ஆம், அதைப் பார்த்த பிறகுதான். அழுகிய பலாப்பழத்தை ஒருவன் வாங்கிவிட்டால், பலாவே உண்ணத்தகாதது என்று யாரும் விதி செய்வதில்லை. தட்டிப் பார்த்து வாங்கக் கற்றுக்கொடுக்கிறோம். படகையும் தட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். உவமைக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே தட்ட வேண்டும். அந்தத் தாயாரின் சொல்லுக்குப் பிறகு விடுமுறைதோறும் லுமுட்டுக்குச் சென்று பட்டறைகளில் நின்று நான் கற்றது இது. நான் கடலோடி அல்லன். நீந்தக் கற்றதே நாற்பதைக் கடந்த பிறகு. ஆனால் கேட்டும் பார்த்தும் தொட்டும் அறிந்ததை ஆசிரியன் சொல்லலாம்.

பழைய கண்ணாடியிழைப் படகின் தளம் ஒற்றைப் பலகை அன்று. மேலொன்று கீழொன்றாக இரு கண்ணாடியிழைத் தகடுகள். நடுவில் கனங்குறைந்த மரம். ரொட்டித் துண்டுகளுக்கு இடையே கறி வைத்ததுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். தளத்தில் எதைப் பொருத்தினாலும் திருகாணி அந்த நடுமரத்துக்குள் இறங்கும். அடைப்புப் பசை நாளடைவில் வறண்டு விரியும். நம் பேராக்கின் மழை அந்த நூலிழைத் துளையில் இறங்கி நடுமரத்தை ஊறவைக்கும். மேலே சாயம் பளபளக்க, உள்ளே மரம் களியாகிக் கிடக்கும். சிறு சுத்தியால் தளத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். ஊறிய இடம் ஈரத்துணி மூடிய மத்தளம்போல மந்தமாக ஒலிக்கும். ஒலி மாறும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட வேண்டும். நம் கைக்குப் பழகிய கருவிதானே அது! வட்டங்கள் தளம் முழுவதும் பரவினால் விலை பேசாமல் இறங்கி வந்துவிட வேண்டும். தேக்குப் பலகை பதித்த தளமோ கண்ணுக்கு விருந்து. ஆனால் அதைப் பிடித்திருக்கும் நூற்றுக்கணக்கான திருகாணிகள் நூற்றுக்கணக்கான துளைகள். என் பழைய மாணவனை வீழ்த்தியது அந்த அழகுதான்.

என் தந்தையார் பால்மரம் வெட்டியவர். ஒரு மரத்தின் பட்டையைப் பார்த்தே அதன் வயதையும், முன்பு வெட்டியவன் கை நிதானமுள்ளதா முரட்டுத்தனமானதா என்பதையும் சொல்லிவிடுவார். கத்தி ஆழ இறங்கி மரத்தைக் காயப்படுத்திய வடு எத்தனை ஆண்டானாலும் மறையாது. படகும் அவ்வாறே தன்னை ஆண்டவனைக் காட்டிக்கொடுக்கும். உட்புறத்து அடித்தளப் பலகையைத் தூக்கிப் பாருங்கள். மின்கம்பிகள் முடிச்சு முடிச்சாகக் கிடக்கின்றனவா, பெயர் எழுதி ஒழுங்காகக் கட்டப்பட்டுள்ளனவா? இயந்திரத்தின் அடியில் எண்ணெய் தேங்கியிருக்கிறதா? மேலே துடைத்து வைப்பவன் எல்லாரும் கீழே துடைப்பதில்லை.

பாய்மரத்தை நாற்புறமும் இழுத்துப் பிடிப்பவை எஃகுக் கம்பிக் கயிறுகள். அவை தளத்தைத் துளைத்து இறங்கும் தகடுகளில் பிணைக்கப்படுகின்றன. துருப்பிடிக்காத எஃகு என்று நாம் பெயர் வைத்திருக்கிறோம். காற்றுப் படும் இடத்தில் அந்தப் பெயர் பொருந்தும். காற்றுப் புகாமல் உப்புநீர் தேங்கும் இடுக்கில் அதே எஃகு நுண்ணிய குழிகளாக அரிக்கப்படும். வெளியே கண்ணாடிபோல் மின்னும் தகடு, தளத்துக்குள் மறைந்த இரண்டங்குலத்தில் இற்றுப் போயிருக்கலாம். கழற்றிப் பாராமல் நம்பக் கூடாது. கம்பிக் கயிறுகள் பத்துப் பதினைந்து ஆண்டுகளைக் கடந்திருந்தால் பார்வைக்கு எப்படி இருப்பினும் மாற்றுவதற்குரிய தொகையை விலையிலிருந்து கழித்துவிட வேண்டும். விற்பவர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்; நடுக்கடலில் மரம் முறிந்தால் அவர் வரப்போவதில்லை.

அடியில் ஏராக்கட்டை. முழுநீள ஏரா மெதுவாகச் செல்லும், ஆனால் நேராகச் செல்லும். சுக்கானும் அதன் பின்விளிம்பில் காப்பாக அமர்ந்திருக்கும். பின்னாளில் வந்த குறு ஏராக்கள் தனியே வார்த்து மரையாணிகளால் பூட்டப்பட்டவை, விரைவானவை, ஆனால் பாறையில் ஒருமுறை மோதியிருந்தால் பூட்டிய இணைப்பில் விரிசலும் துருக்கசிவும் காட்டும். படகை நீரிலிருந்து தூக்கி நிறுத்தாமல் இவற்றைக் காண இயலாது. தூக்கும் செலவை மிச்சப்படுத்தி வாங்கியவன், பெண்ணைப் பாராமல் நிழற்படத்தை மட்டும் பார்த்துத் தாலி கட்டியவனுக்கு ஒப்பாவான். அடிப்புறத்தில் நீர்க்கொப்புளங்கள் தென்பட்டால் பலர் பாம்பைக் கண்டதுபோல் ஓடுகின்றனர். ஓட வேண்டா. சுரண்டி, உலர்த்தி, பூசிவிடலாம். விலை குறைக்கவும் அது நல்ல வாய்ப்பு. கொப்புளத்துக்கு அஞ்சி ஓடுபவர், களியான தளத்தின்மேல் நின்று கைகுலுக்குவதை நான் கண்டிருக்கிறேன்.

நீர் புகும் குழாய்களின் அடைப்பான்கள் வெண்கலமா பித்தளையா, இயந்திரம் ஆறிய நிலையில் முதல் சுழற்சியில் கிளம்புகிறதா, விற்பவர் பெயரில்தான் பத்திரம் இருக்கிறதா, சுங்கவரியும் பழைய நாட்டுப் பதிவும் தீர்க்கப்பட்டனவா என்பனவெல்லாம் உண்டு. இவற்றைப் பொறுமையுள்ள எவரும் ஒரு நாளில் பார்த்துவிடலாம்.

நீளத்தைப் பற்றி மட்டும் இன்னொரு சொல். 30 அடிப் படகைவிட 40 அடிப் படகு மூன்றில் ஒரு பங்கே நீளம் கூடியது. இரண்டும் ஒரே வடிவமாயின் எடையோ இரண்டு மடங்குக்கும் மேல். ஆறாம் வகுப்புப் பிள்ளை நான்கை மூன்றால் வகுத்து மும்முறை பெருக்கினால் கண்டுபிடித்துவிடும். நங்கூரமும் பாயும் கயிறும் சாயமும் இயந்திரமும் நீளத்தைப் பார்த்து வருவதில்லை, எடையைப் பார்த்தே வருகின்றன. 41 அடியை வாங்கிய மாணவன் தன் பணம் முழுவதையும் வாங்குவதிலேயே இறக்கினான். 32 அடியைக் கேட்கும் இம்மாணவனோ கையிருப்பில் பாதியைத்தான் விலைக்கு ஒதுக்கியிருக்கிறான், மறுபாதி செப்பனிட. முன்னவன் படகை அறுத்தபோது வாளைப் பிடித்தவர்களுள் பின்னவனும் ஒருவன். அந்த அழுகிய தளத்தின் ஒரு துண்டை இன்றும் தன் கருவிப் பெட்டியில் வைத்திருக்கிறான். எங்கள் மன்றக் கூட்டத்தில் அதை எடுத்து மேசைமேல் வைத்தான். யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

மூன்றாவது மறுப்புத்தான் என்னை மிகவும் வருத்தியது. "நாமெல்லாம் கடலோடிகள் இல்லை, சார், நாம் ஏற்றி வரப்பட்டவர்கள்" என்றார் ஒருவர். அதில் உண்மை இருக்கிறது. என் பாட்டனார் 1936இல் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார். கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துக் கிடந்த பயணம். கடலைப் பற்றி அவர் எங்களுக்குச் சொன்னதெல்லாம் வாந்தியும் வாளியும்தான். 1926 முதல் 1973 வரை ரஜூலா கப்பல் இத்தகையோரை ஏற்றி வந்தும் மீட்டுச் சென்றும் ஓடியது. அதன் உரிமையாளர் பிரிட்டிஷ் இந்தியக் கப்பல் நிறுவனம். அந்தப் பெயரைச் சற்றே நினைவுகூருங்கள், ஆசிரிய நண்பர்களே! 1906இல் வ.உ.சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியபோது, கட்டணத்தைக் குறைத்தும் இலவசமாக ஏற்றிச் சென்றும் அதை ஒடுக்க முனைந்த நிறுவனம் அதுவே. வாடகைக்கு எடுத்த கப்பல்களைப் பிடுங்கச் செய்தபோது, சொந்தமாகக் கப்பல் வேண்டும் என்று அலைந்து காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களை வாங்கி வந்தார் சிதம்பரனார். 1908இல் அவர் சிறைப்பட்டார். 1911இல் நிறுவனம் கலைக்கப்பட்டது. பிறகு தமிழன் கப்பலின் சொந்தக்காரனாக அன்றி மேல்தளத்துச் சரக்காகவே கடலைக் கடந்தான். ஏற்றி வரப்பட்டவர்கள் என்பது நம் இயல்பு அன்று, நமக்கு நேர்ந்தது.

இன்னொரு கதையை நம் பாடநூல்கள் சொல்வதில்லை. மேடைகளும் சொல்வதில்லை. பழைய படகு வாங்குவதைப் பற்றிய கதை அது. வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்கர், சுவாப் என்ற 32 அடிப் படகில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றிவந்தவர். உலகத் துறைமுகங்களின் கலங்களையெல்லாம் கண்ட கண் அவருடையது. பெருங்கலம் ஒன்று வேண்டும் என்று தேடியபோது அவர் விலைகொடுத்து வாங்கியது எது? யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் தமிழ் மேத்திரிமார் கட்டி, சரக்கேற்றி ஓடிக்கொண்டிருந்த அன்னபூரணி அம்மாள் என்னும் 89 அடிப் பாய்க்கப்பலை! புதிதாகக் கட்டச் சொல்லவில்லை. ஓடிக்கொண்டிருந்த பழைய கப்பலைத் தேர்ந்தெடுத்தார். தம் மனைவியின் பெயரை அதற்குச் சூட்டினார். தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் வல்வெட்டித்துறைக் கடலோடிகள் நால்வரும் அதில் பணிபுரிந்தனர். சூயஸ் கால்வாய் வழியே நடுநிலக்கடலுக்குள் நுழைந்து, அத்திலாந்திக்கைக் கடந்து, பெர்மூடாவைத் தொட்டு, 1938 ஆகஸ்டு 1ஆம் நாள் மாசச்சூசெட்சு மாநிலத்தின் குளோசெஸ்டர் துறைமுகத்தை அந்தக் கப்பல் அடைந்தது. பெயர்பெற்ற மீன்பிடிக் கப்பல்களின் ஊர் அது. அவ்வூர் மக்கள் திரண்டு வந்து வல்வெட்டித்துறையின் கைவேலையை வேடிக்கை பார்த்தனர்.

அந்த ஆண்டைக் கவனியுங்கள். மலாயாவுக்குக் கூலிகளாக அனுப்பப்படுவதை இந்திய அரசு தடைசெய்ததும் அதே 1938தான். கூலியாகத் தமிழன் அனுப்பப்பட்ட பயணங்களின் இறுதியும், தமிழன் கட்டிய கலம் அமெரிக்கக் கரையைத் தொட்டதும் ஒரே ஆண்டின் செய்திகள். ஒன்றை நம் குடும்பங்கள் எல்லாம் அறியும். மற்றொன்றை நம் பள்ளிகளில் எத்தனை பேர் அறிவோம்? வெண்ணிக்குயத்தியார், காற்றை ஏவல்கொண்டு கலம் செலுத்திய சோழ முன்னோனைப் புறநானூற்றில் பாடினார் என்பதற்கு ஐந்து மதிப்பெண் கொடுக்கிறோம். காற்றை ஏவல்கொண்ட கை எண்பது தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்வரை வல்வெட்டித்துறையில் உயிரோடிருந்தது என்பதற்கு ஒரு மதிப்பெண்ணும் இல்லை.

சிறிய படகில் இதெல்லாம் ஆகுமா என்று கேட்போர் உளர். ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1969இல் எங்கும் நிற்காமல் தனியே உலகைச் சுற்றி முடித்த சுஹைலி 32 அடிதான். பம்பாயில் தேக்கால் கட்டப்பட்டது. இந்தியப் படையின் பொறியாளர் பிரிவினர் 1985இல் புறப்பட்டு 1987இல் உலகு சுற்றி மீண்ட திரிஷ்ணா 37 அடி. அந்தப் பழைய பந்தயத்தின் நினைவாக இப்போது நடத்தப்படும் தங்கக் கோளப் பந்தயத்தின் விதியே, 1988க்கு முன் வடிவமைக்கப்பட்ட, முழுநீள ஏராவுடைய, 32 முதல் 36 அடிவரை நீளமுள்ள படகுகள்தாம் கலந்துகொள்ளலாம் என்பது. பட்டறையில் தூசி படிந்து நிற்கும் பழைய வகைகளே அவை! நம் நாட்டு அசார் மன்சோர் 1999இல் 'ஜாலூர் கெமிலாங்' படகில் தனியே உலகைச் சுற்றி வந்தார். அவர் லங்காவியில் கரையேறிய நாளில் எங்கள் பள்ளியிலும் கைதட்டினோம். புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா அழகிரிசாமியும் கேரளத்துத் தில்னாவும் இருவராகவே 2024 அக்டோபர் 2இல் கோவாவிலிருந்து புறப்பட்டு 2025 மே 29இல் உலகு சுற்றித் திரும்பினர். அவர்கள் சென்ற தாரிணி 56 அடிப் படகு. 2017, 2018ஆம் ஆண்டுகளில் வேறு அறுவர் ஏற்கனவே ஒருமுறை உலகைச் சுற்றிவந்த படகு. ஒரு தமிழ்ப்பெண் தென்னமெரிக்க முனையைப் பாய்விரித்துக் கடந்த செய்தி நம் பள்ளிக் காலைக்கூட்டங்களில் எத்தனை இடத்தில் ஒலித்தது?

இடர் இல்லை என்று சொல்ல மாட்டேன். அபிலாஷ் டோமி 2018 செப்டம்பரில் தென்னிந்தியப் பெருங்கடலில் புயலில் சிக்கிப் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பு நொறுங்கிக் கிடந்தார். மீட்புக் கப்பல் சென்றுதான் காப்பாற்றியது. அதே மனிதர் மீண்டும் நடக்கப் பழகி, அதே பந்தயத்தில் மீண்டும் இறங்கி, 2023 ஏப்பிரலில் இரண்டாமவராகக் கரைசேர்ந்தார். நம் நீரிணையிலும் சுமத்திராக் காற்று என்னும் சூறை விடியற்காலையில் கறுத்துத் திரண்டு வந்து பாய்களைக் கிழிக்கும். ஆனால் பருவம் பார்த்துப் போவோர்க்கு வங்கக்கடல் தை, மாசியில் பெரும்பாலும் இனியது. வடகிழக்குக் காற்று முதுகுப்புறமிருந்து தள்ளும். ஆயிரத்துச் சொச்சம் கடல்மைல். நாளொன்றுக்கு நூற்றிருபது மைல் என்று கணக்கிட்டால் பத்துப் பன்னிரண்டு நாள். என் பாட்டனார் வந்த அதே தண்ணீர்.

"பள்ளியின் வேலை தேர்ச்சி விழுக்காடு, படகு அன்று" என்று முடித்தார் நண்பர். தேர்ச்சி விழுக்காட்டை நானும் ஆண்டுதோறும் எழுதி அனுப்புகிறவன்தான். அந்த விழுக்காட்டில் சேராத பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்பதையும் அவரும் நானும் அறிவோம். இந்த மாணவன் ஆறாம் வகுப்பில் கணக்கில் தோற்றவன். இன்று ஒரு படகின் எடையையும் பாயின் பரப்பையும் செப்பனிடும் செலவையும் நான்கு தாளில் பிழையின்றிக் கணக்கிட்டு வருகிறான். பங்கோர் ஒப்பந்தம் 1874 சனவரி 20இல் கையெழுத்தானது என்று அவனுக்கு மனப்பாடம் செய்வித்தவன் நான். அது புளூட்டோ என்னும் கப்பலின்மேல் கையெழுத்தானது என்பதையும், அக்கப்பல் நங்கூரமிட்டு நின்ற நீரைத்தான் தன் பட்டறையிலிருந்து அவன் அன்றாடம் பார்க்கிறான் என்பதையும் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

மன்றத்துக்கு மீண்டும் விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். இம்முறை கடனுக்கு ஈடாக என் கையொப்பமும் அதில் இருக்கிறது. வீட்டில் அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்ட வசை தனிக் கட்டுரைக்கு உரியது. படகை அடுத்த திங்கள் நீரிலிருந்து தூக்குகிறார்கள். தட்டிப் பார்க்க நானும் போகிறேன். சுண்ணக்கட்டி ஒரு பெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். வட்டங்கள் மிகுந்தால் வாங்க வேண்டா என்று முதலில் சொல்பவன் நானாகவே இருப்பேன். இதையும் அவனிடம் சொல்லிவிட்டேன். "அப்ப வேற படகு தேடுவோம், சார்" என்றான்.

நேற்று, நுழைவாயில் வளைவுக்கு ஓவியம் தீட்டுபவர் தொலைபேசியில் அழைத்தார். சோழர் கப்பலுக்குப் பாய்மரம் எத்தனை, கயிறுகள் எங்கிருந்து எங்கே கட்டப்பட்டிருக்கும், சுக்கான் நடுவிலா பக்கத்திலா என்று கேட்டார். மன்றத்தில் யாரைக் கேட்டாலும் என்னைக் கைகாட்டுகிறார்களாம். படகு தூக்கும் நாளில் லுமுட்டுக்கு வரும்படி அவரிடம் கூறியிருக்கிறேன்.